கெட்டி வெள்ளியா, முலாமா? பழைய வெள்ளிச் சாமானைச் சோதித்து விலை மதிக்கும் முழு வழிகாட்டி

பழைய பெட்டியில் கறுத்துக் கிடக்கும் இரண்டு கரண்டிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று ஸ்டெர்லிங், அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியும் மீதி 75 பங்கு பெரும்பாலும் செம்பும் கலந்த உலோகம். இன்னொன்றில் வெள்ளி வெறும் தோல்தான். உள்ளே நிக்கல் கலவையோ செம்போ பித்தளையோ இருக்கும். இரண்டும் காற்றிலுள்ள கந்தகத்தால் ஒரேபோல் கறுக்கும், தேய்த்தால் ஒரேபோல் மின்னும். கறுப்பதைப் பார்த்து "அசல் வெள்ளிதான்" என்று முடிவுகட்டுவதுதான் நாம் அதிகம் காணும் தவறு. கறுப்பது மேல்தோல். அது முலாமிலும் வெள்ளிதான்.

இங்கே சொல்லும் வரிசை முக்கியம். முதலில் கண், பிறகு முத்திரை, பிறகு தராசு, கடைசியில்தான் அரமும் அமிலமும். பலர் தலைகீழாகத் தொடங்கி, நல்ல பொருளின் முகத்தில் தழும்பு உண்டாக்கிவிடுகிறார்கள்.

தொடங்கும் முன்: தேய்க்காதீர்கள்

புளி, விபூதி, பற்பசை, கடையில் விற்கும் பாலிஷ் எதையும் தொடாதீர்கள். கறுப்புப் படலம் சில விஷயங்களைக் காட்டிக்கொடுக்கும்: தேய்ந்த இடம் எங்கே, பற்றவைத்த இடம் எங்கே, பெயர் வெட்டி அழித்த இடம் எங்கே என்று. பற்பசையிலும் விபூதியிலும் இருக்கும் துகள்கள் முலாமை நேரடியாகச் சுரண்டி எடுக்கும். தூசி ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

தேவையானவை: பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு (500 கிராம் வரை தாங்குவது நல்லது), ஒரு கண்ணாடி டம்ளர், தையல் நூல், வலுவான சிறு காந்தம். பகல் வெளிச்சம் வேண்டும். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் நிக்கல் கலவையின் மஞ்சள் சாயல் கண்ணுக்குத் தப்பிவிடும்.

முதல் படி: எங்கே தேயுமோ அங்கே பாருங்கள்

முலாம் தன்னைக் காட்டிக்கொடுக்கும் இடங்கள் தெளிவானவை. ஸ்பூனை நிமிர்த்தி மேசையில் வைத்தால் குழியின் அடிப்பாகத்தில் ஒரு புள்ளி மேசையைத் தொடும். ஐம்பது வருடம் டிராயரில் உரசிய இடம் அது. முள்கரண்டியில் முட்களின் நுனி, கைப்பிடி வளையும் முதுகு. தட்டில் விளிம்பும் அடிவளையமும். டீ பாட்டின் மூக்கு நுனி, மூடியின் குமிழ், கைப்பிடியில் பெருவிரல் படும் இடம். பன்னீர்ச் செம்பில் கழுத்தின் கீழ் கை பற்றும் பகுதி. பூவேலைப்பாடு உள்ள பொருளில் புடைத்த இதழ்களின் உச்சி.

அங்கே வேறு நிறம் தெரிகிறதா? வெளிறிய மஞ்சள் கலந்த சாம்பல் என்றால் நிக்கல் சில்வர், நம் ஊரில் ஜெர்மன் சில்வர் என்று அழைப்பது. பளிச்சென்ற மஞ்சள் என்றால் பித்தளை. ரோஜாச் சிவப்பு என்றால் செம்பு. ஈயம்போன்ற மங்கிய சாம்பல், தொட்டால் மெத்தென்ற உணர்வு என்றால் பிரிட்டானியா மெட்டல், அதாவது வெள்ளீயத்துடன் ஆன்டிமனி கலந்தது. இடுக்குகளில் பச்சைக் களிம்பு இருந்தால் அடியில் செம்பு கலந்த உலோகம் வெளியே வந்துவிட்டது என்று பொருள். ஸ்டெர்லிங்கிலும் 7.5 சதவீதம் செம்பு இருப்பதால் சிறு பச்சை வரலாம். முலாமில்தான் அது திட்டுத்திட்டாக வரும்.

ஜெர்மன் சில்வர் என்ற பெயரில் வெள்ளி ஒரு துளியும் இல்லை. செம்பு, துத்தநாகம், நிக்கல் மூன்றும்தான். கல்யாணத்திலும் நவராத்திரியிலும் தாம்பூலத்தோடு கொடுக்கும் குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம் பலவும் இந்த வகை; மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அழகான பொருள்தான். ஆனால் வெள்ளி விலையில் வாங்க வேண்டிய பொருள் அல்ல.

தேய்ந்த இடமே இல்லாவிட்டால் கெட்டி வெள்ளி என்று அர்த்தமாகிவிடாது. அலமாரியில் சும்மா இருந்த முலாமும், சமீபத்தில் மறுமுலாம் பூசியதும் புதிதாகவே இருக்கும்.

பழைய ஷெஃபீல்டு தகட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1740களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த தாமஸ் பவுல்சோவர் செம்புக் கட்டியின் மேல் வெள்ளித் தகட்டை வைத்துச் சூடாக்கி, இரண்டும் ஒன்றாக ஒட்டியபின் உருட்டித் தகடாக்கும் முறையைக் கண்டார். இதில் வெட்டிய விளிம்பில் செம்பு வெளியே தெரியும். அதை மறைக்க வெள்ளிக் கம்பியோ மடித்த வெள்ளி ஓரமோ பற்றவைப்பார்கள். விளிம்பின் அடிப்பக்கத்தை நகத்தால் வருடினால் மெல்லிய மேடு தட்டுப்படும். குடும்பச் சின்னம் வெட்ட வேண்டிய இடத்தில் தடித்த வெள்ளி வில்லையைப் பதிப்பதும் உண்டு. அந்த இடத்தில் வாயால் ஊதி ஆவி படியவிட்டால் வில்லையின் வட்டம் ஒரு கணம் தெரியும். 1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்ற பின் இந்தத் தொழில் விரைவில் மங்கியது. ஷெஃபீல்டு தகட்டுக்குச் சேகரிப்பாளரிடம் தனி மதிப்பு உண்டு. செம்பு தெரிகிறதே என்று அதற்கு மறுமுலாம் பூசினால் அந்த மதிப்பு போய்விடும்.

இரண்டாம் படி: முத்திரை படித்தல்

முத்திரை பொதுவாக ஸ்பூனின் கைப்பிடி முதுகில், கிண்ணத்தின் அடியில், டீ பாட்டின் அடியிலோ கைப்பிடி அருகிலோ இருக்கும். மூடி, குமிழ் போன்று கழற்றக்கூடிய பாகங்களிலும் பிரிட்டனில் சிறு முத்திரை இடுவார்கள். உடலில் முத்திரை இருந்து மூடியில் இல்லையென்றால் மூடி பின்னால் மாற்றியதாக இருக்கலாம்.

பிரிட்டிஷ் ஸ்டெர்லிங்கில் தேட வேண்டியது நடக்கும் சிங்கம்: இடப்பக்கம் நோக்கி, முன்கால் ஒன்றைத் தூக்கியபடி. 1544 முதல் இங்கிலாந்தின் அடையாளம் இது. அதனுடன் ஊர் முத்திரை: லண்டனுக்குச் சிறுத்தைத் தலை (1821இல் அதன் கிரீடம் நீங்கியது), பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடம், அதன் பின் ரோஜா. பர்மிங்காம், ஷெஃபீல்டு இரண்டிலும் தரம் பார்த்து முத்திரையிடும் சோதனைச் சாலை தொடங்கியது 1773இல். எடின்பரோவுக்குக் கோட்டை, அங்கே சிங்கத்துக்குப் பதிலாக 1759 முதல் முட்செடிப் பூ, 1975இலிருந்து பின்னங்காலில் நிற்கும் சிங்கம். டப்ளினுக்குக் கிரீடம் சூடிய யாழ்.

மூன்றாவது ஆண்டெழுத்து. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அதே ஆங்கில எழுத்து லண்டனில் இருபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும்; வேறுபடுவது எழுத்தின் பாணியும் அதைச் சுற்றிய கேடயத்தின் வடிவமும்தான். ஊரைக் கண்டுபிடித்து, பிறகு அந்த ஊரின் பட்டியலில் எழுத்து, பாணி, கேடயம் மூன்றும் பொருந்தும் ஆண்டைத் தேடுங்கள். நான்காவதாக அரசர் அல்லது அரசியின் தலை இருந்தால் அது வரி கட்டிய அடையாளம். 1784 முதல் 1890 வரை மட்டுமே இருந்தது. விக்டோரியாவின் தலை தெரிந்தால் காலம் ஏறக்குறைய அரை நூற்றாண்டாகச் சுருங்கிவிடும். கடைசியாகச் செய்தவரின் முதலெழுத்துகள். 1999 முதல் ஆண்டெழுத்து கட்டாயமில்லை. 925 என்ற எண் கட்டாயம்.

சிங்கத்துக்குப் பதில் உட்கார்ந்திருக்கும் பெண் உருவம் இருந்தால் அது பிரிட்டானியா தரம், ஆயிரத்துக்கு 958. 1697 முதல் 1720 வரை இங்கிலாந்தில் அதுவே கட்டாயத் தரம். நாணயங்களை உருக்கிப் பாத்திரம் செய்வதைத் தடுக்க வந்த சட்டம் அது. பின்னாளிலும் விருப்பப்பட்டவர்கள் அந்தத் தரத்தில் செய்தார்கள். ஆகவே அந்த உருவம் ஒன்றை மட்டும் பார்த்து முந்நூறு வருடப் பழையது என்று சொல்லிவிட முடியாது.

அமெரிக்கப் பொருளில் இந்தச் சின்னங்கள் இராது. 'ஸ்டெர்லிங்' என்ற சொல்லே போதுமானது. 'காயின்' என்றிருந்தால் பெரும்பாலும் 900 தரம். ஜெர்மன் பொருளில் பிறையும் கிரீடமும் பக்கத்தில் 800. பிரெஞ்சுப் பொருளில் மினெர்வா தேவியின் தலை. அதனுடன் 1 என்ற எண் இருந்தால் 950. ரஷ்யப் பொருளில் 84 என்றால் 875. அங்கே 96 பங்கில் கணக்கு வைத்தார்கள்.

இனி முலாமின் முத்திரைகள். இவை பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. படிக்கத் தெரியாதவரைக் குழப்பும்படி வடிவமைக்கப்பட்டிருக்கும், அவ்வளவே. இ, பி, என், எஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் தனித்தனிக் கேடயத்துக்குள், பழைய கோதிக் எழுத்தில் இருக்கும். தூரத்தில் பார்த்தால் ஸ்டெர்லிங் முத்திரை வரிசை போலவே தெரியும். பொருள்: நிக்கல் சில்வர் மேல் மின்முலாம். கடைசி இரண்டு எழுத்துக்குப் பதில் பி, எம் இருந்தால் பிரிட்டானியா மெட்டல் மேல் முலாம். 'ஏ1', 'டிரிபிள் பிளேட்', 'குவாட்ரூபிள் பிளேட்' எல்லாம் முலாமின் தடிமன் பற்றிய விளம்பரம். 'ஷெஃபீல்டு' என்ற ஊர்ப்பெயர் எதற்கும் உத்தரவாதம் இல்லை. '1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்' என்பதில் 1847 செய்த ஆண்டு அல்ல, முலாம்பொருளின் வணிகப்பெயரில் ஒரு பகுதி. 'சில்வர் சோல்டர்ட்' என்று பழைய ஹோட்டல் பாத்திரங்களில் இருந்தால் அதுவும் முலாம்தான். 'அல்பாகா', 'நெவாடா சில்வர்' ஆகியவை வெள்ளியே இல்லாத கலவைகள்.

எல்லாவற்றிலும் மோசமான குழி, ஐரோப்பிய முள்கரண்டிகளில் வரும் 90 என்ற எண். அதை 900 தரம் என்று எண்ணி வாங்கியவர்கள் ஏராளம். உண்மையில் 24 சதுர டெசிமீட்டர் பரப்பின் மேல் 90 கிராம் வெள்ளி ஏற்றியிருக்கிறது என்று அது சொல்கிறது. ஏறக்குறைய ஒரு டஜன் ஸ்பூனும் ஒரு டஜன் முள்கரண்டியும் சேர்ந்த பரப்பு அது. கணக்குப் போட்டால் தடிமன் 36 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பக்கத்தில் 45 போன்று இரண்டாவது எண் இருந்தால், அந்த ரகத்தில் ஒரு டஜனுக்குச் செலவான வெள்ளி அத்தனை கிராம். ஒரு கரண்டிக்கு 4 கிராமுக்கும் குறைவு. இது நல்ல தடித்த முலாம், ஆனாலும் முலாம்தான்.

925 முத்திரையைத் தனியாக நம்ப வேண்டாம். அந்த அச்சு எவருக்கும் கிடைக்கும். பித்தளைச் சங்கிலியின் கொக்கியில் 925 அடித்து விற்பது இன்று சாதாரணம். கொக்கி மட்டும் வெள்ளி, சங்கிலி முலாம் என்பதும் உண்டு. லென்ஸில் பாருங்கள்: உண்மையான சோதனைச் சாலை முத்திரை கூர்மையாக, ஆழம் சீராக இருக்கும். வார்ப்பில் பிரதி எடுத்த முத்திரை மழுங்கி, ஓரங்களில் சிறு குமிழிப் புள்ளிகளோடு இருக்கும். இன்னொரு பொருளிலிருந்து வெட்டியெடுத்த முத்திரையைப் பதித்திருந்தால், ஊதிப் பார்க்கும்போது சுற்றிலும் பற்றவைத்த கோடு தெரியும்.

இந்தியப் பொருளில் முத்திரை

பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் இந்தியாவில் அரசுச் சோதனைச் சாலை முத்திரை இருந்ததில்லை. சென்னை மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்ட் சன்ஸ், கல்கத்தாவின் ஹாமில்டன் போன்ற நிறுவனங்கள் தங்கள் பெயரைத்தான் பொறித்தன. தெய்வ உருவங்களைப் புடைப்பாகச் செதுக்கிய சென்னையின் 'சுவாமி' வேலைப்பாட்டுப் பொருட்களில் நிறுவனப் பெயர் இருந்தால் அதுவே விலையைக் கூட்டும். தரத்துக்குச் சோதனைதான் சாட்சி. ஊர் ஆசாரி செய்த பஞ்சபாத்திரம், பாலாடை, செம்புகளில் பெரும்பாலும் முத்திரையே இராது. முத்திரை இல்லாததால் மட்டும் அவற்றைத் தாழ்வாக எண்ணாதீர்கள். பல வீடுகளில் வெள்ளி ரூபாயை உருக்கியே பாத்திரம் செய்தார்கள்.

அந்த ரூபாய்களைப் பற்றி ஒரு கணக்கு மனத்தில் இருக்கட்டும். ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. 1939 வரை அதில் 91.7 சதவீதம் வெள்ளி, கிட்டத்தட்ட 10.7 கிராம். 1940 முதல் 1945 வரை வந்ததில் பாதிதான் வெள்ளி, 5.83 கிராம். 1947 நாணயம் முழுக்க நிக்கல், காந்தத்தில் ஒட்டும்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) வெள்ளி ஹால்மார்க் 2005இல் தொடங்கியது. 2025 செப்டம்பர் 1 முதல் தங்கத்துக்கு உள்ளதுபோல ஆறு இலக்க எழுத்தெண் அடையாளம் வெள்ளிக்கும் வந்திருக்கிறது. கட்டாயமாக அல்ல, கடைக்காரர் விருப்பத்தின்படி. அந்த ஆறு இலக்கத்தை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் தரமும், பதிவு செய்த கடையும், சோதித்த மையமும் வரும். புதிதாக வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்குவதே நல்லது.

மூன்றாம் படி: அடர்த்தி

வீட்டில் செய்யக்கூடியவற்றில் நாம் அதிகம் நம்புவது இதைத்தான். பொருளுக்கு ஒரு கீறலும் விழாது.

1. பொருளை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர், அதில் ஒரு சொட்டு பாத்திரத் திரவம். டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள்.
3. பொருளை நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. நூலைக் கையிலேயே பிடித்திருக்க வேண்டும்.
4. தராசு இப்போது காட்டும் கிராம், பொருளின் கன அளவு மில்லிலிட்டரில்.
5. முதல் எடையை இந்த எண்ணால் வகுங்கள்.

41.4 கிராம் ஸ்பூன் தண்ணீரில் 4.0 காட்டினால் 10.35. கெட்டி வெள்ளி. அதே எடை ஸ்பூன் 4.8 காட்டினால் 8.6. நிக்கல் சில்வரோ பித்தளையோ.

ஒப்பிட வேண்டிய எண்கள்: சுத்த வெள்ளி 10.49, ஸ்டெர்லிங் 10.36 அளவில், 800 தர வெள்ளி 10.14 அளவில், பாதி வெள்ளி கொண்ட நாணயம் 9.5 அருகில், செம்பு 8.96, நிக்கல் சில்வரும் பித்தளையும் 8.4 முதல் 8.7 வரை, பிரிட்டானியா மெட்டல் 7.3 அளவில். ஷெஃபீல்டு தகடு 9ஐச் சற்றே தாண்டி நிற்கும்.

எங்கே தவறும்? பூவேலைப்பாட்டில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டால் கன அளவு கூடி, நல்ல வெள்ளியும் 9.8 என்று காட்டும். அதற்குத்தான் அந்த ஒரு சொட்டுத் திரவம்; பொருளைத் தண்ணீருக்குள் மெல்ல ஆட்டிவிடுங்கள். 5 கிராம் மோதிரத்தின் கன அளவு அரை மில்லிலிட்டர்தான், 0.1 கிராம் தராசில் அதற்குப் பதிலே கிடைக்காது. மணிக்குண்டு வைத்த கொலுசில் காற்றும் அழுக்கும் அடைபட்டிருப்பதால் இந்தச் சோதனை பயன்படாது. மூடிய கூடுகளுக்கும் அப்படியே. ஈயம் 11.34 என்பதால், ஈயம் நிரப்பிய போலி 10.3 அருகே வந்து ஏமாற்றக்கூடும். இந்தச் சோதனை கெட்டியையும் முலாமையும் பிரிக்கும். 925ஐயும் 900ஐயும் பிரிக்க வீட்டுத் தராசு போதாது.

காந்தம், ஐஸ், ஓசை

காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்போ தனி நிக்கலோ, பேச்சு முடிந்தது. ஒட்டாவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை; செம்பு, பித்தளை, நிக்கல் சில்வர் ஒன்றிலும் ஒட்டாது. ஐஸ்கட்டி வேகமாக உருகினால் வெள்ளி என்று வீடியோக்களில் காட்டுவார்கள். வெள்ளி வெப்பத்தை மிக வேகமாகக் கடத்தும் என்பது சரி. செம்பும் அதற்குச் சற்றுத்தான் பின்னால். ஆகவே செம்பின் மேல் முலாம் பூசிய தட்டிலும் ஐஸ் அதே வேகத்தில் உருகும். நிக்கல் சில்வர் மோசமான கடத்தி என்பதால் அதை மட்டும் இந்தச் சோதனை பிரித்துக் காட்டும். தட்டினால் வரும் நீண்ட ஓசை வெண்கலத்திலும் வரும். இதை வைத்து எவரும் பணம் கொடுக்க வேண்டாம்.

நான்காம் படி: உள்ளே பார்ப்பது

இன்னும் சந்தேகம் இருந்தால் பொருளின் அடியில், முத்திரையிலிருந்து விலகி, கண்ணில் படாத ஓரத்தில் முக்கோண அரத்தால் ஒரே ஒரு சிறு கோடு. லென்ஸில் பார்த்தால் பாதி கேள்விக்கு விடை கிடைத்துவிடும்: அடியில் மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் முலாம். மதிப்புள்ள பழம்பொருள் என்று தோன்றினால் இதைக்கூடச் செய்யாதீர்கள்.

அமிலச் சோதனை நகை ஆசாரியின் வேலை. உரைகல்லில் பொருளை உரசும்போது மேல்தோலே கல்லில் படியும். எனவே அரக்கோட்டின் உள்ளிருந்து உரச வேண்டும், இல்லாவிட்டால் முலாமும் வெள்ளியாகத் தேறிவிடும். நைட்ரிக் அமிலத் துளி பட்டால் செம்புக் கலவை பச்சையாக நுரைக்கும். வெள்ளியின் கோட்டை அமிலம் கரைத்த இடத்தில் உப்புநீர் ஒரு சொட்டு விட்டால் தயிர்போல் வெண்மை திரளும். அது வெள்ளிக் குளோரைடு. கடைகளில் வைத்திருக்கும் சிவப்புத் திரவத்தில் டைகுரோமேட் கலந்திருக்கும். நல்ல வெள்ளியில் இரத்தச் சிவப்பு காட்டும், தரம் குறையக் குறையப் பழுப்பேறும். அது புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வாங்கி வர வேண்டாம்.

கடைகளில் இன்று எக்ஸ்ஆர்எஃப் என்ற எக்ஸ்கதிர் இயந்திரத்தில் ஒரு நிமிடத்தில் டச், அதாவது வெள்ளியின் சதவீதம் பார்த்துச் சொல்வார்கள். நல்ல கருவிதான், ஆனால் அது படிப்பது மேற்பரப்பின் சில பத்து மைக்ரான் மட்டும். 36 மைக்ரான் முலாம் அதை ஏமாற்றக்கூடும். வெள்ளிப் பொருட்களை அமிலத்தில் வெளுக்கும்போது மேலுள்ள செம்பு கரைந்து, தோல் மட்டும் அதிக டச் காட்டுவதும் உண்டு. அரம் பட்ட இடத்தில் ஒன்று, பற்றவைத்த இணைப்பில் ஒன்று, வழவழப்பான இடத்தில் ஒன்று என மூன்று இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ரோடியம் என்று காட்டினால் பயப்பட வேண்டாம். கறுக்காமலிருக்க ஸ்டெர்லிங் நகைகளின் மேல் பூசுவது அது.

நிரப்பிய பொருட்கள்

எடையில் ஏமாறுவது இங்கேதான். மேசைக் கத்தியின் கைப்பிடி ஸ்டெர்லிங் கூடு; உள்ளே பிசின், அலகு எஃகு. மெழுகுவத்தித் தாங்கியின் அடியில் 'வெயிட்டட்', 'ஃபில்டு', 'லோடட்' என்றிருந்தால் உள்ளே பாரிஸ் சாந்தோ பிசினோ ஈயமோ. ஒரு கிலோ எடைத் தாங்கியில் வெள்ளி அதில் சிறு பங்குதான். நம் வீடுகளில் குத்துவிளக்கின் தண்டு, சில காப்புகள், பல்லக்கு வேலைப்பாடுகளில் அரக்கு நிரப்பியிருப்பார்கள். சுவாமி படச் சட்டமும் மணையும் மரத்தின் மேல் வெள்ளித் தகடு போர்த்தியவை. தட்டினால் மந்தமான ஓசை வரும், உள்ளங்கையில் பிடித்தால் வெள்ளிக்குரிய குளிர்ச்சி மெதுவாகத்தான் வரும். இவற்றுக்கு மொத்த எடையில் விலை பேசவே கூடாது, வாங்கும்போதும் விற்கும்போதும்.

விலை: முதலில் உலோகம்

நிகர எடை × தரம் × அன்றைய சுத்த வெள்ளி விலை. ஒரு டஜன் ஸ்டெர்லிங் முள்கரண்டி 720 கிராம் என்றால் 720 × 0.925 = 666 கிராம் சுத்த வெள்ளி. கணக்குக்காகக் கிராம் 100 ரூபாய் என்று வைத்தால் 66,600. இது உச்ச வரம்பு. உருக்கும் செலவையும் தன் லாபத்தையும் கழித்துக்கொண்டே வாங்குபவர் தருவார். எத்தனை சதவீதம் கழிக்கிறார் என்பதை வாய்விட்டுக் கேளுங்கள். வெளிநாட்டு விலை டிராய் அவுன்ஸில் வரும்: 31.1 கிராம். சமையலறைத் தராசின் அவுன்ஸ் 28.35 கிராம். இரண்டையும் குழப்பினால் கணக்கு பத்தில் ஒரு பங்கு தப்பும்.

கொலுசை உருக்கினால் டச் எதிர்பார்த்ததைவிடக் குறையும். நூற்றுக்கணக்கான இணைப்புகளைப் பற்றவைக்கச் சேர்த்த கலவை உலோகமே காரணம். வாங்கியபோது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது.

முலாமில் எவ்வளவு வெள்ளி? 65 சதுர செ.மீ. பரப்புள்ள ஸ்பூனில் 20 மைக்ரான் முலாம் என்றால் 1.4 கிராம் அளவு. அதைப் பிரித்தெடுக்கும் செலவு பெரும்பாலும் கிடைப்பதைவிட அதிகம். வீட்டில் அமிலம் வைத்துப் பிரிக்க முயல்வது ஆபத்து. எழும் பழுப்பு நிறப் புகை நுரையீரலைப் புண்ணாக்கும்.

உலோகத்துக்கு மேல்

நல்ல பொருளை உருக்கு விலைக்குக் கொடுப்பது திரும்பப் பெற முடியாத இழப்பு. ஹெஸ்டர் பேட்மன், பால் ஸ்டோர் போன்ற புகழ்பெற்ற லண்டன் வெள்ளி ஆசாரிகளின் முத்திரை இருந்தால் உருக்கு விலை வெறும் தொடக்கம்தான். பெயர் தெரியாத ஆசாரி வேலையிலும் கையால் அடித்த உருவும் கூர்மையான செதுக்கலும் விலை பெறும்.

குறைப்பவை எவை? அழித்த பெயர்: அந்த இடத்தைப் பெருவிரலால் மெல்ல அழுத்தினால் தகடு உள்ளே போய் வரும். ஈயப் பற்று: இணைப்பில் மந்தமான சாம்பல் திட்டாகத் தெரியும், உருக்கும்போதும் தொல்லை. தேய்த்துத் தேய்த்து மழுங்கிய செதுக்கல். முட்கள் குட்டையாகிப்போன முள்கரண்டி. டஜனில் ஒன்று குறைந்த தொகுதி. ஒரே ஆண்டெழுத்து, ஒரே செய்தவர் என்று முழுத் தொகுதி இருந்தால் பிரித்து விற்காதீர்கள்.

முலாம்பொருளுக்கும் விலை உண்டு, கிராமில் அல்ல. தேயாத எல்கிங்டன் டீ செட், முழுமையான ஷெஃபீல்டு தட்டு ஆகியவை அலங்காரப் பொருளாகவும் பழம்பொருளாகவும் விலை பெறும். சாதாரண, தேய்ந்த முலாம் கரண்டிக்கு மறுமுலாம் செலவு அதன் விலையைத் தாண்டும்; வீட்டில் பயன்படுத்துங்கள்.

விற்கப் போகும்போது

வீட்டிலேயே எடை போட்டு, ஒவ்வொரு முத்திரையையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். முத்திரை மங்கலாக இருந்தால் அதன்மேல் மாவு தூவித் துடைத்தால் படத்தில் தெளியும். இரண்டு மூன்று கடையில் கேளுங்கள். டச் உங்கள் கண்முன் பார்க்கட்டும். விலை பேசி முடியும்முன் உருக்க விடாதீர்கள். பிரிட்டிஷ் முத்திரையுள்ளதையும் சுவாமி வேலைப்பாட்டையும் உருக்கு விலைக் கடைக்குக் கொண்டுபோகும் முன் பழம்பொருள் அறிந்தவரிடம் காட்டுங்கள்.

நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் என்றால் இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொழிலாக விற்க உரிமம் வேண்டும். லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைக்குப் பாட்டியின் பன்னீர்ச் செம்பை அனுப்ப நினைப்பவர்கள், அதன் வயது நூறைத் தொடுமோ என்ற சந்தேகம் இருந்தால் பெட்டி கட்டுமுன் இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் பெற்றுக்கொள்ளுங்கள்.